'யு/ஏ 7+' போட்ட கிறிஸ்துமஸ் கார்ட்டூனை நாலரை வயதுக்குக் காட்டலாமா?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறோம். மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு நாலரை. அரையாண்டு விடுமுறையில் இரண்டு பேருக்கும் ஒரு கிறிஸ்துமஸ் அனிமேஷன் படம் காட்ட ஆசை. தியேட்டரா, வீட்டு டிவியா என்று இன்னும் முடிவாகவில்லை. பார்த்து வைத்த படத்தில் 'யு/ஏ 7+' என்று இருக்கிறது. 'கார்ட்டூன்தானே, என்ன ஆகப் போகிறது' என்கிறார் கணவர். சின்னவளோ கேரல் ரவுண்ட்ஸில் வரும் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்தாலே கத்துகிறாள். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: கடைசியாகச் சொன்னீர்களே, கேரல் ரவுண்ட்ஸ் விஷயம், அது சர்டிஃபிகேட்டைவிட உபயோகமான தகவல். ஏழு வயதுக்குக் கீழே பயம் பெரும்பாலும் கண் வழியாகவும் காது வழியாகவும்தான் வரும். அந்தத் தாத்தா நல்லவர், மிட்டாய் கொடுப்பவர் என்பதெல்லாம் உங்கள் மகளுக்கு இரண்டாம்பட்சம். அசையாத பிளாஸ்டிக் முகமூடி, அதில் மாறாத சிரிப்பு, பின்னால் டிரம் சத்தம்: அவள் கத்துவது இதற்கு. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் படத்தில் பார்க்க வேண்டியது முகங்களை. நல்ல முகம் சட்டென்று கோர முகமாக மாறும் காட்சி, உயிர் வந்த பொம்மை, மனிதனைப் போலவே இருந்தும் கண்ணில் உயிரில்லாத உருவம் ஆகியவை துப்பாக்கிச் சண்டையைவிட அவளை அதிகம் உலுக்கும்.

சர்டிஃபிகேட் பொய் சொல்வதில்லை, ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி வேறு. சினிமாட்டோகிராஃப் சட்டம் 2023-இல் திருத்தப்பட்ட பிறகு, பழைய ஒற்றை யு/ஏ மூன்றாகப் பிரிந்தது: 7+, 13+, 16+. 'யு/ஏ 7+' என்றால் ஏழு வயது ஆகாதவர்களுக்குக் காட்டலாமா என்பதைப் பெற்றோரே தீர்மானிக்க வேண்டும் என்று பொருள். தடை இல்லை. பழைய படங்களில் வெறும் யு/ஏ என்று இருந்தால் அது 12 வயதைக் கணக்கில் வைத்துக் கொடுத்தது. ஓடிடியில் வரும் முத்திரை தணிக்கை வாரியம் தருவதல்ல. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்த நிறுவனங்களே போட்டுக்கொள்வது. படம் தொடங்கும்போது முத்திரைக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் காரணமும் வரும். அதைப் படியுங்கள். 'மொழி' என்று இருந்தால் கவலை வேறு, 'பயம்' என்று இருந்தால் வேறு. ஓடிடியில் பெற்றோர் பூட்டு (பிள்ளைகள் தாமாகத் திறக்க முடியாதபடி வைக்கும் பூட்டு) 13+ முதல்தான் கட்டாயம். 7+ படம் ரிமோட்டைத் தொட்ட மாத்திரத்தில் ஓடத் தொடங்கிவிடும்.

முத்திரையை மட்டும் நம்பினால் எங்கே சறுக்கும் என்பதற்கு இரண்டு படங்கள். 2018-இல் வந்த 'தி கிரிஞ்ச்' அமெரிக்காவில் 'பிஜி' (பெற்றோர் வழிகாட்டல் தேவை) வாங்கியது, கொஞ்சம் அநாகரிகமான நகைச்சுவைக்காக. 2004-இல் வந்த 'தி போலார் எக்ஸ்பிரஸ்' அங்கே எல்லோருக்கும் ஏற்ற 'ஜி'. ஆனால் நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து உருவாக்கிய இந்த இரண்டாவது படத்தில்தான் முகங்கள் விறைப்பாக இருக்கின்றன, கைவிடப்பட்ட பொம்மைகள் நிறைந்த இருட்டு ரயில் பெட்டியில் ஒரு பொம்மை பையனை மிரட்டுகிறது, உறைந்த ஏரியின் பனி விரிசல் விடுகிறது. உங்கள் மகளுக்கு 'பிஜி' படமே மென்மையாக இருக்கலாம். நீளம் குறைந்தால் ஆபத்து இல்லை என்பதும் தவறு: 1982-இல் வந்த 'தி ஸ்னோமேன்' 26 நிமிடம்தான், பேச்சே கிடையாது, முடிவில் பனிமனிதன் உருகிப் போயிருப்பான். அழுகைக்குத் தயாராகத்தான் உட்கார வேண்டும்.

முழுப் படத்தையும் முன்கூட்டிப் பார்க்க நேரமில்லையா? 90 நிமிடப் படத்தில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். முதல் 12 நிமிடம்: கதாநாயகனைத் தனியே கிளப்பிவிட வேண்டுமே, அதனால் அம்மாவோ அப்பாவோ இறப்பதும் தொலைவதும் பெரும்பாலும் இங்கேதான். அடுத்து 60-ஆவது நிமிடம் முதல் 80 வரை: நண்பன் செத்துவிட்டான் போலத் தோன்றுவது, இருட்டு, பிறகு நீண்ட துரத்தல். துரத்தல் இடையில் ஒரு சிரிப்புகூட இல்லாமல் மூன்று நான்கு நிமிடம் நீண்டால் நாலரை வயதுக்கு அது அதிகம் என்பது எங்கள் கணக்கு. கடைசி ஐந்து நிமிடத்தையும் பார்த்துவிடுங்கள். சந்தேகமான காட்சியைச் சத்தத்தை முழுக்கக் குறைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். பயம் போய்விட்டால் அது இசையின் வேலை. வீட்டில் காட்டும்போது அந்த இடத்தில் ஒலியைக் குறைத்தால் தீர்ந்தது. அப்போதும் உறுத்தினால் படத்தை மாற்றுங்கள்.

இதையெல்லாம் பிள்ளைகள் கேட்கப்போகும் மொழியிலேயே செய்யுங்கள். ஆங்கில வசனம் புரியாத குழந்தைக்கு மிஞ்சுவது உருவமும் ஓசையும் மட்டும்தான், பயம் கூடும். எட்டு வயதுக்காரனும் சப்டைட்டிலை ஓட்டத்தோடு படித்துவிட மாட்டான். தமிழ் டப்பிங் நல்லதுதான், ஆனால் 'எருமை', 'மூதேவி' என்று மூலத்தில் இல்லாத வசவுகளைச் சிரிப்புக்காகச் சேர்ப்பவர்கள் உண்டு. மறுநாள் அது உங்கள் வீட்டிலேயே ஒலிக்கும்.

மகனைப் பற்றிக் கவலை இல்லை என்று விட்டுவிட வேண்டாம். எட்டு வயதில் பூதம் பயமுறுத்தாது, நடக்கக்கூடியது பயமுறுத்தும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்த பையனுக்கு, படத்தில் வரும் பெருவெள்ளம் வெறும் சாகசம் அல்ல. கடலூரில் தேவனாம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் 2004 சுனாமி இன்றும் வீட்டுப் பேச்சு. அதுவும் நடந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அலையோ புயலோ வரும் படம் என்றால் அவனிடம் முன்பே சொல்லிவிடுங்கள், முடிவையும் சேர்த்து. கதை தெரிந்துவிட்டால் சுவாரஸ்யம் போய்விடும் என்பது பெரியவர்களின் கவலை.

பரிசு வைப்பது உண்மையில் கிறிஸ்துமஸ் தாத்தாவா என்ற சந்தேகத்தையே கதையாக்கும் படங்களும் உண்டு. உங்கள் பிள்ளைகள் நம்புகிறார்கள் என்றால் அதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீட்டில் 'நம்ம வீட்டுக்கு ஏன் வரல?' என்ற கேள்வி வரும். பதிலை யோசித்து வையுங்கள். கூரையிலிருந்து பறக்கும் காட்சி இருந்தால் மொட்டை மாடிக் கதவைப் பூட்டி வைப்பதும் நல்லது, இந்த வயதில் பார்த்ததைச் செய்து பார்ப்பார்கள்.

இடம் எது என்றால், சின்னவளுக்கு இந்த முறை வீடுதான். 2 முதல் 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் கூட்டமைப்பின் அறிவுரை. 90 நிமிடப் படத்தை இரண்டு நாளாகப் பிரியுங்கள், பதற்றமான இடத்தில் நிறுத்தாமல் சிரிப்பான இடத்தில் நிறுத்துங்கள். பகலில், விளக்கைப் போட்டே பார்க்கலாம்.

தியேட்டர்தான் என்றால் காலை அல்லது மதியக் காட்சி, 2டி. 3டி கண்ணாடி அந்தச் சின்ன மூக்கில் நிற்காது. இருக்கை நடைபாதை ஓரமாக, திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி. கடைசி வரிசை வேண்டாம், அங்கே பின்புற ஸ்பீக்கர் தலைக்கு மேலேயே இருக்கும். காதில் பஞ்சு வைப்பதால் பெரிதாகப் பயனில்லை. குழந்தைகளுக்கான காது மூடி வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரமும் டிரெய்லரும் முடிந்த பிறகு உள்ளே போனாலும் நஷ்டமில்லை. இடைவேளையில் அவள் முகத்தைப் பார்த்து, மீதிப் பாதி வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். ஒருவர் வெளியே வர, இன்னொருவர் மகனோடு இருக்கும்படி இரண்டு பெரியவர்கள் போவது அவசியம்.

வலிப்பு வந்த வரலாறு உள்ள பிள்ளை என்றால் பளிச் பளிச்சென்று மின்னும் காட்சி இருக்கிறதா என்று பார்த்து, மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள்.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியது அழுகையை அல்ல, அது தாமதமாகத்தான் வரும். 'எப்ப முடியும்?' என்று திரும்பத் திரும்பக் கேட்பது, காதைப் பொத்துவது, அடிக்கடி ஒண்ணுக்கு வருகிறது என்பது, பேச்சே நின்றுபோவது ஆகியவை முன்னறிகுறி. 'சும்மா, பொம்மைதானே' என்று விளக்கினால் இந்த வயதில் அது உள்ளே இறங்காது. மடியில் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொடுங்கள், நிறுத்துங்கள். கண்ணை மட்டும் பொத்திவிட்டுச் சத்தத்தை ஓடவிட்டால், காணாததைக் கற்பனை செய்து இன்னும் பயப்படுவாள்.

அன்று ராத்திரி விளக்கு கேட்டால் போட்டுவிடுங்கள். பயந்த உருவத்தை மறுநாள் காகிதத்தில் வரையச் சொல்லி, அதற்கு மீசையும் தொப்பியும் அவளே போடட்டும். தனியே கழிவறைக்குப் போக மறுப்பதும் படுக்கையை நனைப்பதும் சில நாள் இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் தாண்டியும் தொடர்ந்தால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தப் படம், எந்தக் காட்சி என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.