கண்ணை எடுக்காமல் கண் புற்றுநோய்க்கு வைத்தியம் உண்டா?

சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டிய அப்பாவுக்குக் கண்ணுக்குள் மெலனோமா (நிறமிச் செல்களில் தோன்றும் புற்றுநோய்), கண்ணை எடுத்தே ஆகணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எப்போதும் அப்படியில்லை. நடுத்தரக் கட்டிக்குப் பெரும்பாலும் கதிர்வீச்சுதான். சட்டைப் பொத்தான் அளவில், ருத்தேனியம் அல்லது அயோடின் கதிர் வீசும் தகட்டைக் கண்ணின் வெளிச்சுவரில், கட்டிக்கு நேராகத் தைத்து, சில நாள் கழித்து எடுத்துவிடுவார்கள். அதற்குச் சின்ன அறுவை உண்டு; ஆனால் கண் மிஞ்சும். கண்ணை எடுத்தவர்களும் தகடு வைத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காலம் வாழ்ந்ததை 2001-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. பார்வை மட்டும் போகப்போக மங்கலாம், அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சிறிய கட்டிக்குச் சில சமயம் லேசர். ரொம்பப் பெரிதென்றால் கண்ணை எடுப்பதே நல்லது, தயங்காதீர்கள். சரி, முதலில் ஊர் கிளினிக்கில் கடிதம் வாங்கிக் கண் புற்றுநோய் நிபுணரைப் பாருங்கள். கல்லீரல் ஸ்கேனையும் கேளுங்கள். இது பரவினால் பெரும்பாலும் அங்கேதான் போகும்.