குடும்ப நகைச்சுவைப் படத்தின் படப்பிடிப்பில் எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் இருப்பார்களா?

குழந்தைகளோடு அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அத்தகைய படமொன்றில் கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் மாறாமல் ஒன்றுபோல் இருக்கிறதா என்று, பார்க்கும் உதவி இயக்குநராக வேலை செய்தவன் நான். முதல் ஒத்திகையோடு எங்கள் சிரிப்பு முடிந்துவிடும்.

பிறந்தநாள் விருந்தில் அப்பா கால் இடறிக் கேக்கின்மேல் முகம் குப்புற விழ வேண்டும். குடும்பமே திகைத்து நிற்க, கடைக்குட்டி மட்டும் சிரிக்க வேண்டும். திரையில் சில நொடிகளில் கடந்துவிடும் இந்தக் காட்சிக்கு ஒரு முழுப் பகல் போதவில்லை. ஒவ்வொரு டேக்குக்கும் புதிய கேக்கும் அதே சட்டையில் இன்னொன்றும் வேண்டும். நடிகரின் தலையைக் கழுவி, உலர்த்தி, முன்பிருந்தபடியே வகிடெடுத்து, மறுபடியும் மேக்கப் போட வேண்டும். விளக்குச் சூட்டில் கிரீம் உருகிவிடும் என்பதால், ஷாட்டுக்கு எல்லாம் தயாரான பிறகே கேக் மேசைக்கு வரும். எந்த மெழுகுவர்த்தி எவ்வளவு எரிந்திருந்தது, பாட்டி டம்ளரை எந்தக் கையில் பிடித்திருந்தார், கிரீம் எந்தப் புருவத்தில் ஒட்டியது என்பதையெல்லாம் புகைப்படம் எடுத்துக் குறித்துவைப்பது என் பொறுப்பு.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது குழந்தையின் சிரிப்புதான். முதல் டேக்கில் விழுந்து விழுந்து சிரித்த பிள்ளை, பிறகு சலித்துப்போய்க் கொட்டாவி விடத் தொடங்கியது. குழந்தையை அதட்டி வேலை வாங்க முடியாது; வாங்கவும் கூடாது. (கைக்குழந்தை வேடத்துக்கு இரட்டையரைத் தேடுவதும் இப்படிப்பட்ட காரணங்களாலும்தான்; 1994இல் வெளியான 'பேபிஸ் டே அவுட்' படத்தில் ஒரே குழந்தையாக ஆடம், ஜேக்கப் என்னும் இரட்டையர் நடித்தனர்.) எங்கள் இயக்குநர் மற்ற ஷாட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டுக் குழந்தையின் குளோசப்பைத் தனியாக எடுத்தார். அப்பாவாக நடித்தவர், தாம் அந்த ஷாட்டில் தெரியப்போவதில்லை என்று அறிந்தும், கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகமெல்லாம் கிரீமை அப்பிக்கொண்டு விழித்தார். படத்தில் இருப்பது அப்போது வந்த சிரிப்பு. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில், விழுவதற்கும் அந்தச் சிரிப்புக்கும் நடுவே ஓரிரு ஃபிரேம்களைக் கூட்டியும் குறைத்தும் எடிட்டர் நெடுநேரம் போராடினார்.

'இந்தப் படத்துக்கு இவ்வளவு பெருமையா?' என்று சிலர் கேட்கலாம். கதை பெரிய கதை என்று நான் வாதிடவில்லை. உழைப்பு குறைவு என்பதைத்தான் மறுக்கிறேன். 1993இல் வெளியான 'மிஸஸ் டவுட்ஃபயர்' என்ற குடும்ப நகைச்சுவைப் படத்துக்குச் சிறந்த ஒப்பனைக்கான ஆஸ்கர் விருதே கிடைத்திருக்கிறது. எங்கள் படத்துக்கு வந்த விமர்சனங்களிலோ, அந்த நடிகரைப் பற்றி 'கேக்கில் விழுகிறார்' என்பதற்குமேல் ஒரு சொல் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.