குறட்டை விடும் 6 வயதுப் பையனுக்கு டான்சில் ஆபரேஷன் தேவையா?

தூக்கத்தில் குறட்டையோடு மூச்சும் நின்று நின்று வருகிறது, தொண்டையிலிருக்கும் டான்சிலையும் மூக்குக்குப் பின்னாலிருக்கும் அடினாய்டு சதையையும் எடுக்கச் சொல்கிறார்கள் என்று கோபியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயம்தானுங்க. ஆனால் குழந்தைகளுக்குக் காற்றுப்பாதையைப் பெரும்பாலும் அடைப்பது வீங்கிய அந்தச் சதைகள்தான்.

அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்கு 7 மாதம் கழித்து 79 சதவீதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை (தூங்கும்போது மூச்சு எப்படிப் போகிறது என்று பதிவு செய்து பார்ப்பது) இயல்பாகிவிட்டது. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம். அதனால் லேசான அடைப்பென்றால் பொறுத்துப் பார்க்கலாம், கடுமையென்றால் தள்ளிப்போடாதீர்கள். கோவையில் தூக்கப் பரிசோதனை செய்து முடிவெடுங்கள்.

அப்புறம், ஆபரேஷன் முடிந்து 5 முதல் 10 நாளுக்குள் பொருக்கு உதிரும்போது ரத்தம் வரலாம். வாயில் ரத்தம் கண்டால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்த 2 வாரம் நோம்பி, வெளியூர் வேண்டாம்.