செம்புலத்து நீரைக் கடன் வாங்கலாமா?

அன்புள்ள ஐயா,

நான் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. 'இரு பாடல்களை ஒப்பிட்டு எழுதுக' என்ற வினாவில்தான் என் பிள்ளைகள் மதிப்பெண் இழக்கிறார்கள். முதல் பாடலின் பொருளை ஒரு பக்கம் எழுதுகிறார்கள், இரண்டாவதன் பொருளை ஒரு பக்கம் எழுதுகிறார்கள், கடைசியில் 'ஆக, இரண்டு பாடல்களும் காதலின் சிறப்பைக் கூறுகின்றன' என்று முடித்துவிடுகிறார்கள். ஒற்றுமை, வேற்றுமை என்று அட்டவணை போட்டுப் பலமுறை சொல்லிக் கொடுத்தும் மாற்றம் இல்லை. திருப்புதல் வகுப்பில் வேறு என்ன செய்யலாம்? அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிடவா?

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த 'ஆக' எனக்கும் பழக்கம். நானும் சில ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன்தான். கட்டுக்கட்டாக 'ஆக' திருத்தியிருக்கிறேன். குறை பிள்ளைகளிடம் இல்லை, நான் போட்ட அட்டவணையில்தான் இருந்தது என்று புரிய எனக்கு நாளாயிற்று. இரண்டு கட்டம் போட்டுக் கொடுத்தால் இரண்டையும் தனித்தனியாக நிரப்பத்தான் செய்வார்கள். நடுவில் இருக்கும் கோட்டைத் தாண்டச் சொல்லி நாம் கேட்கவே இல்லையே.

நான் பின்னால் செய்து பார்த்ததில் நன்றாக வேலை செய்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பாடலின் உவமையைப் பிடுங்கி இன்னொரு பாடலில் நட்டுப் பார்ப்பது.

குறுந்தொகையின் 3ஆம் பாடலையும் 40ஆம் பாடலையும் எடுத்துக்கொள்ளுங்கள். 'நிலத்தினும் பெரிதே' நான்கு அடி, 'யாயும் ஞாயும்' ஐந்து அடி. இரண்டும் கரும்பலகையில் அடங்கிவிடும். இரண்டிலும் நிலம் இருக்கிறது, நீர் இருக்கிறது, காதல் இருக்கிறது. கைடு இதோடு நின்றுவிடும். நீங்கள் இங்கிருந்து தொடங்குங்கள். செம்மண்ணில் விழுந்த மழைநீர்போல நம் நெஞ்சங்கள் கலந்தன என்று 40ஆம் பாடலில் தலைவன் சொல்லும் செம்புலப் பெயல்நீர் உவமையை அழித்துவிட்டு, அந்த இடத்தில் தலைவன் 'நம் அன்பு நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது' என்று சொல்வதாக எழுதுங்கள். எழுதிவிட்டு ஒரே கேள்வி: அந்தப் பெண்ணுக்கு இது போதுமா?

வகுப்பு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அவசரப்பட்டு நாம் வாய் திறக்கக்கூடாது. யாராவது ஒருவர், 'பெரிசா இருந்தா என்ன சார், அவன் விட்டுட்டுப் போய்டுவானோன்னுதானே அவ பயப்படறா' என்பார். அங்கேதான் ஒப்பீடு பிறக்கிறது. 40ஆம் பாடலின் துறைக்குறிப்பை, அதாவது யார் யாரிடம் எப்போது சொன்னது என்ற குறிப்பை, அப்போது படித்துக் காட்டுங்கள். பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவிக்குத் தலைவன் சொன்னது அது. பிரிவுக்கு அஞ்சுகிறவளிடம் அளவைச் சொல்லிப் பயனில்லை, பிரிக்க முடியாது என்பதைத்தான் சொல்லவேண்டும். செம்மண்ணில் விழுந்த மழைநீரை யாரால் பிரித்தெடுக்க முடியும்?

அடுத்து 3ஆம் பாடலுக்குத் திரும்புங்கள். அங்கே பேசுபவள் தலைவி. தோழி தலைவனைப் பழித்துப் பேசுகிறாள், அவன் மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒருத்தி குறைத்துப் பேசும்போது இன்னொருத்தி என்ன சொல்வாள்? பெரிது, உயர்ந்தது, ஆழமானது என்பாள். அளவுக்கு அளவுதான் பதில். 'நிலத்தினும்' என்பதில் வரும் 'இன்' ஐந்தாம் வேற்றுமை உருபு, இங்கே 'விட' என்று பொருள். இலக்கண வகுப்பில் தூங்கியவனுக்கும் அது ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். ஒரு பாடல் 'இனும்' என்று மிஞ்சிக் காட்டுகிறது, மற்றது 'போல' என்று ஒட்டிக் காட்டுகிறது. யாருக்குப் பதிலாகச் சொல்லப்பட்டது என்று கேட்டால் இரண்டு உருபுகளுக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது.

இதை ஒரு பாடவேளையில் முடித்துவிடலாம். முடிவில் ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு பாடலும் வரவேண்டும், நடுவில் 'ஆனால்' வரவேண்டும், அதையடுத்து 'ஏனென்றால்' என்று தொடங்கும் இன்னொரு வாக்கியம். 'ஆக' வந்தால் அடித்துவிடுங்கள். எழுதியவற்றில் ஆறேழு வாக்கியங்களைக் கரும்பலகையில் போட்டு, எதை வைத்து ஒரு பத்தி எழுதலாம் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மோசமான வாக்கியம் எது என்று மட்டும் கேட்காதீர்கள். எழுதிய பிள்ளை அடுத்த முறை வாயே திறக்காது.

காதல் பாடல்களோடு நின்றால் அலுத்துவிடும். புறநானூற்றின் 86, 278, 279 மூன்றையும் ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றும் போருக்குப் பிள்ளையைக் கொடுத்த தாயைப் பற்றியவை, மூன்றையும் பாடியவர்கள் பெண்கள். 'வீரத்தாய்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட ஆசை வரும். அதைத் தடுக்க ஒரு கேள்வி போதும்: மகன் எங்கே? 86இல் அவன் எங்கிருக்கிறான் என்று தாய்க்கே தெரியாது, புலி இருந்து போன கல்குகைபோல வயிறு மட்டும் இங்கே இருக்கிறது. 278இல் களத்தில் வெட்டுண்டு கிடக்கிறான். 279இல் நம் கண்முன்னே நிற்கிறான், குடுமியில் எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். மூன்றிலும் அவன் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை! என் வகுப்பில் ஒரு மாணவி, '279இல்தான் சார் ரொம்பக் கஷ்டமா இருக்கு, அந்த எண்ணெயினால' என்றாள். எனக்கு அதுவரை தோன்றாதது அது. 'கெடுக சிந்தை', அதாவது 'இவள் சிந்தை கெடட்டும்' என்று அந்தப் பாட்டு தொடங்குவதைக் கேட்டபின், அது வியப்பா பதைப்பா என்று அரைமணி நேரம் சண்டை நடந்தது. அப்படிச் சண்டை போட்ட பிள்ளை தேர்வறையில் திரண்ட கருத்தை எழுதிவிட்டு வராது.

மற்றவை சுருக்கமாக. பழைய விடைத்தாள் ஒன்றைப் பெயரை மறைத்து நகலெடுத்துக் கொடுங்கள். முதல் பாடலைப் பற்றிய வரிக்கு நீலக் கோடு, இரண்டாவதற்குச் சிவப்பு. மேலே முழுக்க நீலம், கீழே முழுக்கச் சிவப்பு என்று வந்தால் அது ஒப்பீடு இல்லை என்று அவர்களே கண்டுகொள்வார்கள். பிறகு அவரவர் தாளுக்கும் அதையே செய்யட்டும். பாடத்தில் உள்ள எல்லாப் பாடல்களின் தலைப்பையும் துண்டுச்சீட்டில் எழுதிக் குலுக்கி, வந்த இரண்டைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்லலாம். சில சோடிகள் ஒட்டவே ஒட்டாது. ஏன் ஒட்டவில்லை என்று சொல்வதும் நல்ல பயிற்சிதான்.

அப்புறம், மேற்கோள். முழுப் பாடலையும் உருப்போடுவதைவிட, பாடலுக்கு மூன்று நான்கு தொடர்கள் கையில் இருந்தால் ஒப்பிட வசதி. புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்க்கட்டும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்தோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. உங்களுக்கு மூன்று வாரம் இருப்பதால் இப்போதே தொடங்கினால் சரியாக வரும்.

அட்டவணையைத் தூக்கிப் போடவேண்டாம். மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்த்து, அதன் தலைப்பில் 'ஏன்?' என்று எழுதுங்கள். முதல் இரண்டையும் அச்சடித்து நீங்களே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் மூன்றாவதை மட்டும் நிரப்பட்டும்.

அன்புடன்