டியூப் ஹெட் வாங்கப் போகிறவர்களுக்கு: இந்த மாதக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முழு டியூப் பேஸ் ஹெட் பற்றியவை, அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி டியூபால் பேஸ் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும், ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப். ஆனால் ஒன்றிரண்டு பேரைத் தவிர யாரும் தங்கள் கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) எத்தனை ஓம் என்று எழுதவில்லை. பின்புறம் ஜாக் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும், பார்க்க அரை நிமிடம் போதும். அடுத்த முறை எழுதுங்கள்.

சென்னை: 300 வாட் டியூப் ஹெட் 800 வாட் கிளாஸ்-டி (டிரான்சிஸ்டர் வகை) ஹெட்டுக்குச் சமம் என்கிறார்கள். டியூப் வாட் வேறு, டிரான்சிஸ்டர் வாட் வேறா சார்?

வாட் என்றால் வாட்தான். ஹெட் தன் எல்லையைத் தொடும்போதுதான் வித்தியாசம் தெரியும். டிரான்சிஸ்டர் எல்லை தாண்டினால் ஒலி சட்டென்று கிழியும், உடனே வால்யூமைக் குறைத்துவிடுவோம். டியூப் மெல்ல அமுங்கிக் கொடுக்கும். நோட்டின் முனை உருளும், நடு ஒலி தடிக்கும். காதுக்கு அது நன்றாக இருப்பதால் கடைசிச் சொட்டு வரை பிழிந்து வாசிக்கிறோம். அதனால்தான் சின்ன எண் பெரிதாகக் கேட்கிறது.

இன்னொன்று. வாட்டை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல். 30-லிருந்து 300-க்குப் போனால்தான் 10 டெசிபல், அதாவது காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 200-ஆ 300-ஆ என்று மாதக்கணக்கில் யோசிப்பதற்குப் பதில் அந்தப் பணத்தை நல்ல கேபினட்டில் போடுங்கள். ஆம்பெக் கம்பெனி 1969-இல் எஸ்விடி என்ற டியூப் ஹெட்டைக் கொண்டுவந்தபோது 300 வாட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வருடம் ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு எடுத்துப்போனதும் அதே காரணத்துக்காகத்தான். பெரிய அரங்கின் ஒலிபெருக்கி அமைப்பான பி.ஏ. பெரும்பாலும் பாடுபவரின் குரலுக்கே போதாத காலம் அது. அரங்கின் கடைசி வரிசை வரை பேஸை ஹெட்டே தள்ள வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையைப் பி.ஏ. பார்த்துக்கொள்கிறது.

நாகர்கோவில்: எங்கள் சர்ச் குழுவுக்கு, 200 பேர் உட்காரும் ஹால். எந்த டியூப் ஹெட் எடுக்கலாம்?

100 வாட் தாராளம். ஆம்பெக் வி-4பி மாதிரி ஒன்று போதும். எந்தக் கேபினட் என்று எழுதாததால் இதற்கு மேல் சொல்ல முடியாது.

கோவை: அமெரிக்காவிலிருந்து சித்தப்பா வரும்போது பழைய எஸ்விடி ஒன்றை எடுத்துவரச் சொல்லலாமா?

முதலில் எடை. 36 கிலோவுக்கு மேல் இருக்கும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஒரே பெட்டியாக 32 கிலோவுக்கு மேல் ஏற்பதில்லை. அடுத்தது மின்சாரம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230, 50. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்கென்றே கணக்காகச் செய்த பவர் டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சூடேறும். பின் தகட்டில் 50/60 என்று இருந்தால் யோசிக்கலாம். 60 மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்டெப்-டவுன் வாங்கினால் 1500 விஏக்குக் குறையாமல் வாங்குங்கள். மிக்ஸிக்கு விற்கும் சின்னப் பெட்டி தாங்காது. அப்புறம், உங்கள் ஊரில் இதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று ஹெட் வருவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

பெயர், ஊர் இல்லை: எது பெஸ்ட்?

என்ன பட்ஜெட், எத்தனை ஓம், எங்கே வாசிக்கிறீர்கள் என்று மூன்றும் எழுதி அனுப்புங்கள்.

திருச்சி: பார்த்துவைத்திருக்கும் எஸ்விடியில் 2, 4 ஓம் மட்டும்தான் இருக்கிறது. என் கேபினட் 8 ஓம். ஓம் கூடினால் ஆம்புக்குப் பாதுகாப்பு என்று கடைக்காரர் சொல்கிறார். இரவில் கேபினட்டைக் கழற்றிவிட்டு, லைன் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸ் வழியாக ஹெட்போனில் பழகவும் ஆசை.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த மாதம் உட்கார்ந்து எழுதினேன். கடைக்காரர் சொன்னது டிரான்சிஸ்டர் ஹெட்டுக்குச் சரி, டியூபுக்குத் தப்பு. டிரான்சிஸ்டர் ஹெட்டின் எமன் குறைந்த ஓம். டியூப் ஹெட் பெரிதும் பயப்படுவது அதிக ஓமுக்கும், ஒன்றுமே மாட்டாத வெறும் ஜாக்குக்கும்.

பவர் டியூபுக்குத் தேவை ஆயிரம், இரண்டாயிரம் ஓம் கணக்கில் ஒரு சுமை. ஸ்பீக்கரோ 4 ஓம், 8 ஓம். இரண்டுக்கும் நடுவில் நின்று பேசிவைப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். நீங்கள் ஒரு நோட்டைத் தட்டும்போது அதன் இரும்பில் சேரும் சக்தி ஸ்பீக்கர் வழியாக வெளியேற வேண்டும். ஸ்பீக்கர் இல்லையென்றால் அந்தச் சக்தி வோல்டேஜாக எகிறி, டியூப் பக்கமே திரும்பும். எஸ்விடி வகை ஹெட்டில் சும்மா இருக்கும்போதே 700 வோல்ட் பக்கம் ஓடுகிறது. அதற்கு மேல் எகிறினால் டிரான்ஸ்ஃபார்மர் கம்பிச்சுற்றின் காப்பு ஓட்டை விழும், இல்லையென்றால் டியூப் சாக்கெட்டில் பொறி பாயும். 4 ஓம் அவுட்புட்டில் 8 ஓம் கேபினட் மாட்டினால் உடனே செத்துவிடாது, நன்றாகச் செய்த ஹெட் தாங்கவும் தாங்கும். ஆனால் முழு வால்யூமில் மணிக்கணக்காக வாசிக்கிறவர் அதை நம்பிப் புது ஹெட் வாங்கக் கூடாது. 4 ஓம் கேபினட் தேடுங்கள், அல்லது ஆரஞ்ச் ஏடி200 போல 8 ஓம் அவுட்புட்டும் உள்ள ஹெட்டை எடுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கல்லூரி விழாவுக்கு டியூப் ஹெட் வாடகைக்கு வந்தது. ஸ்பீக்கர் கேபிளை மறந்துவிட்டு வந்தவர்கள், கிட்டார் கேபிளைச் செருகிவைத்திருந்தார்கள். இரண்டு முனையும் ஒரே ஜாக் என்பதால் நானும் குனிந்து பார்க்கவில்லை, அது என் தவறு. மூன்றாவது பாட்டில் ஒலி விட்டுவிட்டு வந்தது, அப்புறம் வார்னிஷ் கருகும் வாசனை. கிட்டார் கேபிளின் உள்கம்பி நூல் கனம்தான். சூடேறி, முனையில் ஈயம் விட்டுப்போயிருந்தது. அந்த நொடியிலிருந்து ஹெட்டுக்கு ஸ்பீக்கரே இல்லை. மறுநாள் சாசிஸைத் திறந்தால், ஒரு சாக்கெட்டின் இரண்டு பின்களுக்கு நடுவே பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கரிக்கோடு. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தது. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் சுற்றித் தந்தார்கள், பேஸ் திரும்பி வரவில்லை. அந்த டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு கம்பிச்சுற்றுகளையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும், அது வேறு வித்தை.

ஆகவே ஹெட்போன் ஆசைக்குப் பதில்: கூடாது. ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சுமையை ஏற்கும் லோட் பாக்ஸ் வாங்கி ஸ்பீக்கர் ஜாக்கில் மாட்டினால் பழகலாம், ஓமும் வாட்டும் ஹெட்டுக்குப் பொருந்த வேண்டும். கேபினட்டோ லோட் பாக்ஸோ மாட்டாமல் டியூப் ஹெட்டின் ஸ்விட்சைத் தொடாதீர்கள்.

யாழ்ப்பாணம்: ஹெட்டின் ஆறு 6550 பவர் டியூபில் ஒன்று மட்டும் போய்விட்டது. ஒன்றை மட்டும் மாற்றலாமா?

அவசரத்துக்கு ஒரு கச்சேரி ஓட்டலாம், அதுவும் பயாஸ் (டியூபில் சும்மா இருக்கும்போது ஓடும் மின்னோட்டத்தின் அளவு) பார்த்த பிறகு. மற்றபடி பொருத்தம் பார்த்த ஆறும் ஒரே செட்டாகத்தான். 12ஏஎக்ஸ்7 போன்ற, முதல் கட்டத்தில் ஒலியைப் பெருக்கும் சின்ன பிரீஆம்ப் டியூபை நீங்களே மாற்றலாம், பயாஸ் வேண்டாம். இதையும் வாங்கும் முன் கணக்கில் சேருங்கள்: இரண்டு டியூப் ஹெட்டுக்கும் ஆறு டியூப் ஹெட்டுக்கும் செட் மாற்றும் செலவு மூன்று மடங்கு வித்தியாசம்.

மதுரை: பழைய ஹெட் வாங்கும்போது கடையிலேயே எதைச் சோதிக்கலாம்?

கேபினட்டை மாட்டச் சொல்லுங்கள், அதற்கு முன் ஸ்விட்ச் போட விடாதீர்கள். விளக்கைக் குறைத்துவிட்டுப் பவர் டியூபைப் பாருங்கள். நடுவில் இழை ஆரஞ்சாக எரிவது இயல்பு. சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் தகடே செங்கல் நிறத்துக்குப் போனால் உடனே அணைத்துவிடுங்கள். பிரீஆம்ப் டியூபை ஒவ்வொன்றாகப் பென்சிலால் லேசாகத் தட்டுங்கள். மணி மாதிரி ஸ்பீக்கரில் ஒலித்தால் அந்த டியூபை மாற்ற வேண்டும், சின்னச் செலவுதான். கால் மணி நேரமாவது வாசியுங்கள். சூடேறின பிறகுதான் பல கோளாறுகள் தெரியும்.

டொராண்டோ: தெருவோர விற்பனையில் பழைய டிரெய்னர் ஒய்பிஏ-1 பார்த்தேன். பேஸுக்கு ஆகுமா?

ஆகும், விடாதீர்கள். உங்கள் ஊரிலேயே 1963-இல் பீட் டிரெய்னர் தொடங்கிய கம்பெனியின் ஹெட் அது. பேஸ் மாஸ்டர் என்றே பெயர். 40 வாட் பக்கம்தான், டிரம்ஸ் ஓங்கி அடிக்கும் மேடைக்குப் போதாது, ரெக்கார்டிங்குக்கும் சின்னக் கூடத்துக்கும் அருமை. பழைய ஃபில்டர் கப்பாசிட்டர்களை மாற்றச் சொல்லுங்கள். பழைய இரண்டு முள் பிளக் இருந்தால், எர்த்தோடு மூன்று முள்ளாக மாற்றியே ஆக வேண்டும். நீங்களே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் நிற்கும். அதன் ஜாக் பக்கத்தில் எத்தனை ஓம் என்று போட்டிருக்கிறது, உங்கள் கேபினட் எத்தனை ஓம் என்று இரண்டையும் எழுதுங்கள், மீதியைச் சொல்கிறேன்.