அடுக்களைக் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

குமரி மாவட்டத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டுச் சாப்பாட்டுச் செலவைப் பற்றியவை. ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: மாமியாரையும் சேர்த்து எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாதத் தொடக்கத்தில் சூப்பர் மார்க்கெட்டில் மளிகையை மொத்தமாக வாங்கிவிடுகிறோம். காய்கறிக்கு வாரம் ஒருமுறை சந்தைக்குப் போகிறோம். அப்படியும் 20ஆம் தேதிக்குள் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. எதைக் குறைப்பது?
– வாசகி, தக்கலை

பதில்: எதைக் குறைப்பது என்று முடிவெடுப்பதற்கு முன், வாங்கியதில் எது வீணாகிறது என்று ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு பில்லையும் பத்திரப்படுத்தி, அதிலிருந்த பொருளில் தூக்கி எறிந்தவற்றை அந்தப் பில்லின் பின்புறத்திலேயே குறித்து வாருங்கள். முற்றிப்போன வெண்டைக்காய், அடியில் நசுங்கிய தக்காளி, கவரிலேயே வியர்த்து அழுகிய மல்லியிலை, வண்டு விழுந்த பயறு என்று அந்தப் பட்டியல் நீளும். சாப்பாட்டின் அளவைக் குறைக்காமல் மிச்சப்படுத்தக்கூடிய பணம் முதலில் அங்கேதான் இருக்கிறது.

என்ன சமைப்பது என்று முன்னதாகவே முடிவு செய்துவிட்டுச் சந்தைக்குப் போகும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுமாறு வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். முருங்கைக்காய் சாம்பார் என்று தீர்மானித்துவிட்டுப் போகிறவர், முருங்கைக்காய் என்ன விலை விற்றாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். சந்தையில் அன்றைக்கு எது மலிந்து குவிந்திருக்கிறது என்று பார்த்து, அதைக் கொண்டு எரிசேரியா, தீயலா, துவரனா என்று முடிவு செய்கிறவருக்கு விலையும் ருசியும் ஒருசேரக் கிடைக்கும். நாகர்கோவில் வடசேரி உழவர் சந்தையில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். அங்கே வாங்காவிட்டாலும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு மற்றக் கடைகளில் விலை கேட்பது நல்லது. ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் ஏத்தங்காயும் (நேந்திரங்காய்) மற்றக் காய்களும் கேரளத்துக்குப் போவதால் இங்கே விலை ஏறும். அந்த நாட்களில் கீரையையும் பயறு வகைகளையும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வாரத்துக்கு ஒருமுறை வாங்குவதால், எந்தக் காயை எந்த நாளில் சமைப்பது என்ற வரிசையும் முக்கியம். கீரை, வெண்டைக்காய், பயற்றங்காய் ஆகியவற்றை முதல் இரண்டு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். கத்தரிக்காயும் புடலங்காயும் வார நடுவில் வரட்டும். சேனை, காய்ச்சில் கிழங்கு, பூசணி ஆகியவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். சந்தைக்குப் போவதற்கு முந்தைய நாள், மிஞ்சிய துண்டுகளையெல்லாம் சேர்த்து அவியல் வைத்துவிட்டால் கூடை காலியாகிவிடும். ஏத்தங்காய் வாங்கினால் அதன் தோலையும் எறிய வேண்டாம். பொடியாக நறுக்கி, மஞ்சள் கலந்த நீரில் சற்று நேரம் போட்டுக் கறையைப் போக்கிய பின், வேகவைத்த சிறுபயற்றுடன் சேர்த்துத் துவரன் செய்தால் ஒரு வேளைக்கான தொடுகறி ஆகிவிடும்.

சூப்பர் மார்க்கெட்டைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாக்கெட்டின் மீது மொத்த விலையுடன், ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். பெரிய பாக்கெட்தான் மலிவு என்று எண்ணிக்கொண்டு எடுக்காமல், அந்தச் சிறிய எழுத்தைப் பார்த்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

கேள்வி: மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் விலை கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. நான்கு மாதத்தை எப்படிக் கடத்துவது?
– வாசகி, கருங்கல்

பதில்: நான்கு மாதமும் ஒரே நிலை என்று நீங்கள் எண்ணத் தேவையில்லை. கிழக்குக் கடற்கரைக்கான விசைப்படகுத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரைக்கான தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் நடைமுறையில் இருக்கிறது. இரண்டும் 61 நாட்கள்தான். சின்னமுட்டத்துப் படகுகள் முதல் கணக்கிலும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பகுதிப் படகுகள் இரண்டாவது கணக்கிலும் வருவதால், இரு பக்கமும் ஒரே நேரத்தில் கரையில் நிற்பது ஜூன் மாதத்தின் முதல் 14 நாட்கள் மட்டுமே. மே மாதம் முடியும் வரை உங்களுக்குக் குளச்சல் பக்கத்து மீன் கிடைக்கும். ஜூன் 15க்குப் பிறகு சின்னமுட்டத்து மீன் சந்தைக்கு வரத் தொடங்கும். வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் இந்தத் தடை இல்லை. ஆனால் ஜூன், ஜூலையில் கடல் கொந்தளிப்பாக இருப்பதால் அவற்றில் போகிறவர்கள் எல்லா நாளும் தொழிலுக்குப் போக முடியாது. கடல் அமைதியாக இருந்து வள்ளங்கள் போய்வந்த நாளில் சாளையோ (மத்தி) நெத்திலியோ கரைக்கு வந்தால், அன்றைக்குச் சற்றுக் கூடுதலாக வாங்கிச் சுத்தம் செய்து, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை உருகிய மீனைத் திரும்பவும் உறைய வைப்பது மட்டும் கூடாது.

நெய்மீன்தான் (வஞ்சிரம்) மீன், சாளை ஏழைகளின் மீன் என்ற எண்ணம் சில வீடுகளில் இருப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. 100 கிராம் சாளையில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. இதயத்துக்கு நல்லதென்று மருத்துவர்கள் சொல்லும் ஒமேகா-3 கொழுப்பும் அதில் நிறையவே உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த மீனை அதிக விலை கொடுத்துத் தேட வேண்டிய அவசியம் இல்லை.

நம் ஊரில் மீனைப் பெரும்பாலும் கூறு வைத்துத்தான் விற்கிறார்கள். பார்வைக்குக் கூறு பெரிதாகத் தெரிந்தாலும் எடை எவ்வளவு என்று நமக்குத் தெரிவதில்லை. சில தடவை வீட்டுக்கு வந்ததும் நிறுத்துப் பாருங்கள். 100 ரூபாய்க் கூறு 400 கிராம் இருந்தால் கிலோ 250 ரூபாய் ஆகிறது; 600 கிராம் இருந்தால் 170 ரூபாய்க்கும் குறைவு. இப்படிப் பார்த்துப் பழகிய கண் அடுத்த முறை கூற்றின் முன்னால் நிற்கும்போது தானாகவே கணக்குப் போடும். செவுள் சிவந்து, கண் தெளிந்து, விரலால் அழுத்திய இடம் உடனே எழும்பி வந்தால்தான் வாங்க வேண்டும். கெட்ட மீன் எந்த விலைக்குக் கிடைத்தாலும் நஷ்டமே.

ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரத்துக்குக் கருவாட்டை நம்புங்கள். வெயில் நன்றாக அடிக்கும் மாதங்களிலேயே நெத்திலிக் கருவாடு வாங்கி, இன்னொரு முறை காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட்டால் தடைக்காலம் வரை தாங்கும். வெந்நீரில் ஊறவைத்து உப்பைக் குறைத்த பிறகே சமைக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு சாப்பிடுவது நல்லது. குடம்புளி போட்டு மண்சட்டியில் வைத்த மீன்கறி அடுத்த நாளைக்கும் ருசி குறையாமல் இருக்குமென்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு நாள் அதிகமாக வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்கவிட்டு மரச்சீனிக் கிழங்குடன் (மரவள்ளி) பரிமாறினால் ஒரு வேளைச் சமையலும் அதற்கான கேஸும் மிச்சம். மரச்சீனியில் மாவுச்சத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லாததால், மீனோ பயறோ இல்லாமல் அதை மட்டும் கொடுத்துப் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பக் கூடாது. நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவதும் அவசியம்.

கேள்வி: தேங்காய் விற்கும் விலையில் துவரன், அவியல், மீன்கறி எல்லாவற்றுக்கும் தேங்காய் அரைக்க முடியவில்லை. தேங்காய் இல்லாமல் நம் சமையல் உண்டா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: தேங்காயை அடியோடு விட வேண்டாம், ஒரு நாளில் ஒரு கறிக்கு மட்டும் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். அவியல் வைக்கிற நாளில் குழம்பு ரசமாகவோ, மிளகும் புளியும் சேர்த்துத் தேங்காயின்றி வைத்த மீன்கறியாகவோ இருக்கலாம். கஞ்சியும் பயறும் சுட்ட பப்படமும் உள்ள இரவில் சிறிதளவு தேங்காய்ச் சம்மந்தி போதும். அரைப்பின் பக்குவத்திலும் மிச்சம் இருக்கிறது: மீன்கறிக்குத் தேங்காயை மையாக அரைத்தால், அரைகுறையாக அரைத்த அரைமுறி தருகிற கெட்டித்தன்மையை அதைவிடக் குறைந்த தேங்காயே தந்துவிடும். துவரனுக்கோ சதைத்துப் போட்டால் போதுமானது. தீயலுக்கு வறுக்கும்போது இரண்டு மடங்கு வறுத்துப் பொடித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் கெடாது.

கண்ணுள்ள முறி முதலில் கெடும் என்பதால் அதை முதலில் துருவுங்கள். உரிக்காத தேங்காயாகத் தோப்புக்காரரிடம் நேரடியாக வாங்க முடிந்தால், நிழலில் அடுக்கி வைத்துத் தேவைக்கேற்ப உரித்துக்கொள்ளலாம். அது உரித்த தேங்காயைவிட நெடுநாள் தாங்கும்.

கேள்வி: ரேஷன் அரிசியில் வித்தியாசமான மணிகள் மிதக்கின்றன. பிளாஸ்டிக் என்கிறார்கள். கொட்டிவிடலாமா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: கொட்ட வேண்டாம். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் ஆகியவற்றை அரிசி மாவுடன் சேர்த்து மணிபோல் செய்து, சாதாரண அரிசி 100 கிலோவுக்கு 1 கிலோ என்ற கணக்கில் கலந்தவைதான் அவை. தண்ணீரில் மிதக்கிறதென்று அதை வழித்துக் கொட்டினால் சத்தைத்தான் கொட்டுகிறோம். பலமுறை அலசாமல் சமையுங்கள். சோற்றுக்குச் சம்பா அரிசிதான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், ரேஷன் புழுங்கலரிசியை இட்லி தோசை மாவுக்கு ஒதுக்கிவிடலாம். கடையில் மாவு வாங்கும் செலவு அப்படியே நின்றுவிடும். கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பை எந்த மாதமும் வாங்காமல் விடாதீர்கள்.

கேள்வி: சம்பா அரிசி வேக அதிக நேரமாவதால் சிலிண்டர் சீக்கிரம் தீர்கிறது. வழி உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, பாத்திரத்தோடு தெர்மல் குக்கருக்குள் இறக்கி மூடிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் அடுப்பில்லாமலே வெந்துவிடும். பயறு, கடலையை முந்தைய இரவே ஊறவைப்பதும், குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைப்பதும் அதே அளவுக்குப் பயன் தரும்.

கேள்வி: எங்கள் விளையில் மூன்று பிலாமரங்கள் நிற்கின்றன. சக்கை (பலா) காய்த்தால் ஒரே நேரத்தில் காய்த்துப் பாதி கீழே விழுந்து அழுகுகிறது. இதைக் கொண்டு கடைச் செலவைக் குறைக்க முடியுமா?
– வாசகி, குலசேகரம்

பதில்: உங்களைப் போன்றவர்கள் கோடைகாலத்தில் காய்கறிக் கடைக்குப் போக வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. பழமாகும் வரை காத்திருப்பதால்தான் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து குவிகிறது. பிஞ்சாக இருக்கும்போதே சிலவற்றைப் பறித்து இடிச்சக்கைத் துவரன் வையுங்கள். மரத்துக்கும் பாரம் குறையும். முற்றிய, பழுக்காத சக்கையைத் தேங்காயும் சீரகமும் அரைத்து வேகவைத்தால் காலைச் சாப்பாடாகிவிடும். அதே பருவத்துச் சுளைகளை நறுக்கி, கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுத்து வெயிலில் சலசலவென்று காயவைத்துக்கொண்டால் மழைக்காலத்தில் ஊறவைத்துச் சமைக்கலாம். இந்த வேலையை மே மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஜூன் மழை தொடங்கிய பிறகு காயவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

சக்கைக்கொட்டையைத்தான் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். கழுவி நிழலில் உலர்த்தி, செம்மண் குழம்பில் புரட்டியெடுத்துக் காயவைத்து ஒரு பானையில் போட்டு வையுங்கள். மீன் கிடைக்காத ஆடி மாத நாட்களில் எடுத்துக் கழுவித் தோல் சீவி, முருங்கைக்காயோ கத்தரிக்காயோ சேர்த்துக் குழம்பு வைக்கலாம். வீட்டுக்கு மிஞ்சுகிற முழுச் சக்கைகளைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து, அவர்கள் விளையில் காய்க்கிற முருங்கைக்காயையோ வாழைக்கூம்பையோ பதிலுக்கு வாங்கிக்கொள்வது நம் ஊர்களில் இன்றும் நடக்கிறது. கூச்சப்படாமல் நீங்களே முதலில் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.