பூனைக் காப்பகத்தில் தன்னார்வலராகப் போனால் என்ன வேலை இருக்கும்?

கேட்டவர், வாடகை வீட்டில் பூனை வளர்க்க முடியாததால் வாரம் ஒருநாள் காப்பகத்துக்குப் போய்ப் பூனைகளோடு இருக்கலாமா என்கிறார். தாராளமாகப் போகலாம். ஆனால் கொஞ்சுவது கடைசி அரைமணி நேரம்தான். நான் சென்னையில் ஒரு காப்பகத்துக்கு மூன்று வருடமாக ஞாயிறு காலைகளில் போகிறேன். ஏழரையிலிருந்து பத்து வரை மணல் தட்டு அள்ளுவது, கூண்டு கழுவுவது, துணி அலசுவது, இவ்வளவுதான்.

கழுவுவதில்தான் விஷயமே இருக்கிறது. பேன்லூக்கோபீனியா என்று ஒரு வைரஸ் நோய், குட்டிகளைக் கொத்தாகக் கொண்டுபோகும். அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் ஒரு வருடம் வரைகூட உயிரோடு கிடக்கும். வெறும் சோப்புக்கு அது அசையாது. ஒரு பங்கு திரவ ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, அப்புறம் அலசவேண்டும். நாம் வீட்டில் ஊற்றும் ஃபினாயில் கூடவே கூடாது. பூனை பாதத்தை நக்கும்போது உள்ளே போய் விஷமாகிவிடும். நல்ல குட்டிகளின் அறையை முதலில் முடித்து, நோயாளிகள் அறைக்குக் கடைசியாகப் போவோம். அங்கே போன செருப்போடு திரும்பக் குட்டிகள் பக்கம் வந்தால் காப்பகத்து அக்கா கத்துவார். கத்துவது நியாயம்.

அடுத்தது, யார் சாப்பிடவில்லை என்று பார்ப்பது. பூனை, அதிலும் குண்டான பூனை, சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். இப்படி அடம்பிடிப்பவை பெரும்பாலும் வீட்டில் வளர்ந்து, வேலை மாற்றல் என்று வாசலில் விடப்பட்டவை. ஒரு கடுவன் வந்தான், வெள்ளைச் சட்டை போட்ட மாதிரி மார்பு, அதனால் பெயர் மேனேஜர். பகலில் போர்வைக்குள், ராத்திரி மட்டும் ரெண்டு வாய். நான் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாக வாசிப்பேன், ராசிபலன் உட்பட. கண்ணை நேராகப் பார்த்தால் மிரளும். மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் போதும். நாலாவது ஞாயிறு, உப்பில்லாமல் வேகவைத்த மத்தியை என் கையிலிருந்தே எடுத்தான்.

போவதற்கு முன் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் கடி பட்டால் 15 நிமிடம் சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும்.

சரி, நான் ஏன் போக ஆரம்பித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்று குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன, கண்கூடத் திறக்கவில்லை. அட்டைப்பெட்டியில் எடுத்துப்போட்டு காப்பகத்துக்குக் கொண்டு போனேன். அக்கா கேட்டார்: "தாயைப் பாத்தீங்களா? எவ்ளோ நேரம் நின்னீங்க?" பத்து நிமிடம். தாய்ப்பூனை இரை தேடிப் போனால் திரும்ப மணிக்கணக்கில் ஆகும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த வயதுக் குட்டிக்கு இரண்டு மணிக்கொரு தரம் பால், அதுவும் பசும்பால் ஆகாது, வயிற்றால் போகும். உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் சூடேற்றி, பிறகே பால். ஈரப்பஞ்சால் அடியில் துடைத்துவிட்டால்தான் சிறுநீரே போகும். என் மூன்றில் ஒன்றுதான் பிழைத்தது. மாடியில் தாய் நாலு நாள் தொட்டியைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

அதனால் இப்போது யாராவது பெட்டியோடு வாசலில் வந்தால் அதே கேள்வியை நான் கேட்கிறேன். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் கதை. போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் நாலு குட்டிகளோடு வந்தான், எடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்றான். கொழுகொழு என்று, வயிறு நிறைந்த குட்டிகள். அவனோடு பைக்கில் போய், எடுத்த இடத்திலேயே பெட்டியை வைத்துவிட்டு எதிர்ப்பக்க டீக்கடையில் உட்கார்ந்தோம். இரண்டு டீ ஆயிற்று. மதில்மேல் ஒரு சாம்பல் பூனை வந்து நின்றது, எங்களைப் பார்த்தது, இறங்கியது. ஒவ்வொன்றாகப் பிடரியைக் கவ்விக்கொண்டு போய், திரும்பத் திரும்ப வந்தது. பையன் மூச்சுவிடாமல் எண்ணிக்கொண்டிருந்தான். "நாலு" என்று சொல்லும்போது டம்ளரைக் கீழே போட்டுவிட்டான்.